உப்புவெளியும் உலோகப் பாதையும்: தென்மேற்குப் பொலிவியாவின் வரலாற்றுத் தடங்கள்

அந்தீசு மலைத்தொடரின் இரு கிளைகளுக்கிடையே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,650 மீற்றர் உயரத்தில், பொலிவியாவின் தென்மேற்குப் பகுதியில் ஊயுனி உப்புவெளி அமைந்துள்ளது. பத்தாயிரம் சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அப்பரப்பில் மேடுபள்ளம் என்று சொல்லத்தக்க வேறுபாடு ஒரு மீற்றரளவே எனலாம். செய்மதிகளின் உயரமானிகளைச் சரிபார்ப்பதற்கு விஞ்ஞானிகள் இவ்வெளியைப் பயன்படுத்துவதும் இச்சமதளத் தன்மை கருதியே. ஊயுனி நகரிலிருந்து நாள்தோறும் காலையில் ஜீப் வண்டிகள் பல தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. வண்டியொன்றுக்கு ஐந்தாறு உல்லாசப் பயணிகள். கூரையிலே எரிபொருட் கலன்களும் பயணப் பொதிகளும். சாரதியே பெரும்பாலும் வழிகாட்டியும் சமையற்காரரும் வண்டி திருத்துபவருமாவார். மூன்று நாட் பயணம். முதல்நாள் உப்புவெளி; மறுநாள் செந்நிறமும் பசுமையுமான ஏரிகளும் அவற்றிடையே மேயும் பூநாரைகளும்; மூன்றாம் நாள் வெந்நீர் ஊற்றுகளும் எரிமலை அடிவாரமும்; பின்னர் சிலி நாட்டு எல்லை; அதற்கப்பால் சான் பெத்ரோ டி அற்றக்காமா என்னும் பாலைவனச் சோலை.

இவ்வழியிற் சென்றோர் எழுதிய குறிப்புகளிலும் பயண முகவர்களின் விளம்பரங்களிலும் மீண்டும் மீண்டும் வருஞ் சொல் வெறுமை என்பது. மனிதன் காலடி படாத நிலம், வேற்றுக்கிரகம் போன்ற நிலம், காலம் உறைந்த நிலம் என்றெல்லாம் அது வருணிக்கப்படுகிறது. காண்போர் கண்ணுக்கு அவ்வாறு தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும் ஜீப் வண்டி தரிக்கும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கின், அவற்றுட் பெரும்பாலானவை ஏதோவொரு பொருள் இந்நிலத்திலிருந்து வெளியே கொண்டுசெல்லப்பட்டதன் எச்சங்களாகவே காணப்படுகின்றன. வெள்ளி, உப்பு, வெடியுப்பு, வெண்காரம், நாகம், இப்பொழுது லித்தியம் என அப்பட்டியல் நீளும். இந்நிலத்தின் வெறுமையில் ஒரு பகுதி இயற்கை தந்தது. மறுபகுதி வரலாறு தந்தது.

இயற்கை தந்த பகுதியைச் சுருக்கமாகக் கூறலாம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இம்மேட்டுநிலத்தைப் பேரேரிகள் மூடியிருந்தன. மிஞ்சின், தௌக்கா எனப் புவியியலாளர் அவற்றுக்குப் பெயரிட்டுள்ளனர். கடலுக்குச் செல்லும் வழியற்ற வடிநிலமாகையால், நீர் ஆவியாக உப்பு மட்டும் எஞ்சிற்று. உப்புவெளியின் நடுவே நிற்கும் இன்காஉவாசித் தீவின் பாறைகளில் அன்றைய ஏரியில் வாழ்ந்த அல்காக்களின் சுண்ணப் படிவுகளை இன்றுங் காணலாம். அப்பேரேரிகளின் எச்சங்களுள் ஒன்றான பூப்போ ஏரியும் 2015இல் வற்றிவிட்டதென அறிவிக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. உள்ளூர் மக்கள் கூறும் கதை வேறு. அவர்களுக்கு மலைகள் உயிருள்ளவை. கணவனாற் கைவிடப்பட்ட துனுப்பா என்னும் மலைமகள் தன் குழந்தைக்குப் பாலூட்டும்போது சிந்திய கண்ணீரும் முலைப்பாலுங் கலந்து இவ்வெண்பரப்பு ஆயிற்று என்பர். வடகரையில் நிற்கும் எரிமலை இன்றும் அவள் பெயரையே தாங்கி நிற்கின்றது. உப்புவெளியை ஊயுனி நகரின் பெயரால் அழைப்பது பொருந்தாது, துனுப்பாவின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்று வாதிடுவோரும் அங்குளர். நகரம் நேற்று வந்தது. மலை முன்னரே நின்றது என்னும் அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று.

இனி மனிதரின் கதைக்கு வருவோம். ஸ்பானியர் வருகைக்கு முற்பட்ட அந்தீசு நாகரிகத்தை ஆராய்ந்தோருள் யோன் முர்ரா முதன்மையானவர். ஒரு மலைச் சமூகம் வெவ்வேறு உயரங்களிலுள்ள நிலங்களில் தன் மக்களைக் குடியமர்த்தி, உருளைக்கிழங்கு, சோளம், கொக்கா, உப்பு முதலியவற்றைத் தன்னுள்ளேயே பெற்றுக்கொண்ட முறையை அவர் 1972இல் விளக்கினார். மேட்டுநிலத்தின் தென்பகுதிக்கு இவ்விளக்கம் முழுமையாகப் பொருந்தவில்லை. இங்கே குடியிருப்புகள் சிறியன. அவற்றிடையே தூரம் அதிகம். ஆகவே சிலி நாட்டுத் தொல்லியலாளர் லௌத்தாரோ நூனியெசும் அமெரிக்கரான தொம் டில்லஹேயும் 1979இல் வேறொரு விளக்கத்தை முன்வைத்தனர். லாமாக் கூட்டங்களை ஓட்டிச் செல்லும் வணிகரே இந்நிலத்தை ஒன்றாகப் பிணைத்தனர் என்பது அவர்தம் கருத்து. அவ்வியக்கத்தை அவர்கள் சுழல் நகர்வு என அழைத்தனர். கடற்கரையிலிருந்து பாலைவனச் சோலைக்கும், சோலையிலிருந்து மேட்டுநிலத்துக்கும், மேட்டுநிலத்திலிருந்து கிழக்குப் பள்ளத்தாக்குகளுக்கும் சென்று மீண்டும் வந்த சுழற்சி அது.

இச்சுழற்சியிற் சுழன்ற பொருள்களுள் உப்பு தலையாயது. உப்புவெளியின் மேற்பரப்பைக் கோடரியால் வெட்டிக் கட்டிகளாக்குவர். லாமா ஒன்று ஏறத்தாழ இருபத்தைந்து கிலோகிராம் சுமக்கும்; அதற்கு மேலேற்றினாற் படுத்துக்கொண்டு எழ மறுக்கும் என்பது அவ்விலங்கை வளர்ப்போர் அறிந்த செய்தி. வாரக்கணக்கில் நடந்து தரிகா முதலிய பள்ளத்தாக்குகளை அடைந்து, உப்புக்குச் சோளத்தை மாற்றிக்கொண்டு திரும்புவர். இப்பண்டமாற்று இருபதாம் நூற்றாண்டிலும் நிலைத்திருந்தது. பின்னர் பாரவண்டிகள் வந்தே அதனைக் குன்றச் செய்தன. ஜீப் பயணிகள் தங்கும் ஊர்களுள் ஒன்றான சான் குவானுக்கு அருகே, பழைய ஏரியின் சுண்ணப் படிவுகளைக் குடைந்தமைத்த சமாதிகள் பல உள்ளன. அவற்றுள் முழங்கால்களைக் குத்தவைத்த நிலையில் அடக்கஞ் செய்யப்பட்டோர் இன்காப் பேரரசுக்கும் முற்பட்ட லிப்பெஸ் மக்கள். மனிதர் வாழாத நிலத்திற் சமாதிகள் இரா.

1535இல் தியேகோ டி அல்மாக்ரோ குசுக்கோவிலிருந்து படையுடன் புறப்பட்டு இம்மேட்டுநிலத்தின் வழியே தெற்கு நோக்கிச் சென்றான். பனியிலும் பசியிலும் அவனுடன் சென்ற இந்தியச் சுமைகாரர் பெருந்தொகையாக மடிந்தனர். திரும்பும்போது அவன் அற்றக்காமாப் பாலைவன வழியைத் தேர்ந்தான். அவன் தேடிய பொன் கிட்டவில்லை. ஆனால் 1545இல், உப்புவெளிக்கு வடகிழக்கே பொத்தோசி மலையில் வெள்ளி கண்டறியப்பட்டதும் இப்பிரதேசத்தின் அச்சே மாறிற்று. 1570களில் அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ டி தொலேடோ, மீத்தா எனப்படும் கட்டாய உழைப்பு முறையை ஒழுங்குபடுத்தினான். பதினாறு மாகாணங்களின் வயதுவந்த ஆடவருள் ஏழிலொரு பங்கினர், அதாவது ஆண்டுக்குப் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோர், முறைவைத்துச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட வேண்டியவராயினர். மீத்தா என்பது இன்காக்களின் காலத்திலேயே வழங்கிய சொல். பொதுப்பணிக்கு முறைவைத்து உழைத்தலை அது குறித்தது. பழைய சொல்லுக்குட் புதிய சுரண்டலைப் புகுத்தியமை தொலேடோவின் நிருவாகத் திறமைக்கு எடுத்துக்காட்டு. இம்முறை 1812 வரை நீடித்தது.

உப்புக்கும் இதனாற் புதிய பயன் ஏற்பட்டது. வெள்ளித் தாதை அரைத்துப் பாதரசத்துடன் கலந்து வெள்ளியைப் பிரிக்கும் முறைக்குப் பெருமளவு உப்புத் தேவைப்பட்டது. சுற்றுப்புறத்து உப்புநிலங்கள் அதனை வழங்கின. லாமாக்களோ தாதுமூட்டை சுமக்கலாயின. பதினேழாம் நூற்றாண்டில் லிப்பெஸ் மலைகளிலேயே வெள்ளி கண்டறியப்பட்டு, சான் அந்தோனியோ டெல் நுவெவோ முந்தோ என்னும் சுரங்க நகர் எழுந்தது. பொத்தோசியின் பெருஞ்செல்வரான லோப்பெஸ் டி கிரோகா அங்கே நீர் நிரம்பிய சுரங்கங்களை வடிக்கப் பாறையைக் குடைந்து வடிகாற் குகைகள் வெட்டுவித்தார். பெயரிலே புதிய உலகத்தைத் தாங்கிய அந்நகர் இன்று கூரையற்ற கற்சுவர்களின் தொகுதி. ஜீப் சாரதிகள் அதனைப் பேய்நகர் என்று காட்டுவர். பயணிகள் கால்மணி நேரம் நின்று படமெடுத்துக்கொண்டு போவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கதை கடற்கரையிலே தொடங்குகின்றது. 1825இற் சுதந்திரமடைந்த பொலிவியாவுக்கு அற்றக்காமாப் பாலைவனத்தினூடாகப் பசிபிக் கடலின் கரை சொந்தமாயிருந்தது. ஐரோப்பாவின் வயல்களுக்குப் பசளையாகவும் வெடிமருந்துக்கு மூலப்பொருளாகவும் பயன்பட்ட வெடியுப்பு அப்பாலைவனத்தில் நிறைந்திருந்தது. அதனை அகழ்ந்தவர்கள் சிலி நாட்டவர். மூலதனம் சிலியருடையதும் பிரித்தானியருடையதும். நிலம் மட்டுமே பொலிவியாவினது. சிலி நாட்டவர்மீது இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் புதிய வரி விதிப்பதில்லை என 1874இற் பொலிவியா உடன்பட்டிருந்தது. 1878இல் அந்தோபகஸ்தா வெடியுப்புக் கம்பனி ஏற்றுமதி செய்யும் ஒவ்வொரு குவிந்தாலுக்கும் பத்துச் சதம் வரி விதித்தது. கம்பனி செலுத்த மறுத்தது. அதன் உடைமைகளை ஏலத்தில் விற்க அரசாங்கம் நாட் குறித்தது. குறித்த நாளாகிய 1879 பெப்ரவரி 14ஆம் திகதியே சிலியப் படைகள் அந்தோபகஸ்தாவில் இறங்கின. பெருவும் இழுக்கப்பட்ட இப்போர் பசிபிக் போர் எனப்படும். ஒப்பந்தத்தை மீறியது பொலிவியாவே என்பது சட்டப்படி மறுத்தற்கரியது. எனினும் பத்துச் சத வரிக்கு ஒரு கடற்கரையையே ஈடாகப் பெற்ற கணக்கை எந்தச் சட்டமும் நியாயப்படுத்தாது.

போரின் தொடக்கத்தில், 1879 மார்ச் 23ஆம் திகதி, கலாமா என்னும் சோலையைக் காத்து நின்ற சிறு பொலிவியக் குழுவில் எடுவார்தோ அவாரோவா என்னும் குடிமகன் மடிந்தார். அவர் பிறந்த ஊர் சான் பெத்ரோ டி அற்றக்காமா. அதாவது இன்றைய ஜீப் பயணம் முடிவடையும் அதே ஊர். அது இன்று சிலிக்குரியது. 1884இற் போர்நிறுத்தமும் 1904இற் சமாதான ஒப்பந்தமும் கைச்சாத்திடப்பட, பொலிவியா கடலற்ற நாடாயிற்று. எஞ்சிய மேட்டுநிலப் பாலைவனத்தில் 1973இல் அமைக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயத்துக்கு அவாரோவாவின் பெயரே இடப்பட்டது. செந்நிற ஏரியும், ஒரு காலத்தில் அற்றுப்போனதாகக் கருதப்பட்டு 1950களில் அவ்வேரியிலேயே மீண்டுங் காணப்பட்ட அரிய பூநாரையினமும் அச்சரணாலயத்தைச் சேர்ந்தவை. நுழைவாயிலில் கட்டணச் சீட்டு வாங்கும் பயணி, இழந்த பாலைவனத்திற்காக இறந்தவனின் பெயர் எஞ்சிய பாலைவனத்துக்குச் சூட்டப்பட்டுள்ளதை அறிவதில்லை. எல்லைக்கப்பால் 1970களிற் சிலியின் இராணுவ ஆட்சி புதைத்த கண்ணிவெடிகள் 2020இலேயே முற்றாக அகற்றப்பட்டன. கடல்வழி குறித்துப் பேச்சுவார்த்தை நடத்தச் சிலி கடமைப்பட்டுள்ளது எனப் பொலிவியா 2013இல் தொடுத்த வழக்கை, சர்வதேச நீதிமன்றம் 2018 ஒக்ரோபர் 1ஆம் திகதி பன்னிரண்டுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையால் நிராகரித்தது. ஆண்டுதோறும் மார்ச் 23 பொலிவியாவில் கடல் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

ஊயுனியிற் பயணம் தொடங்கும் முதலாவது தரிப்பிடம் புகையிரதங்களின் மயானம். நகருக்கு மூன்று கிலோமீற்றர் வெளியே, துருவேறிய நீராவி இயந்திரங்களும் பெட்டிகளும் மணலிற் புதைந்து கிடக்கின்றன. அவை அங்கு வந்த வரலாறு பொலிவிய ஆளும் வர்க்கத்தின் இயல்பைத் தெளிவாக உணர்த்தும். போர் முடிவதற்கு முன்னரே சிலியுடன் சமாதானம் வேண்டுமென்று வாதாடியோருள் முதன்மையானவர் அனிசெத்தோ ஆர்சே. உவாஞ்சக்கா வெள்ளிக் கம்பனியின் பெரும் பங்காளர் அவர். அக்கம்பனியின் புலக்காயோச் சுரங்கம் ஊயுனிக்கு அணித்தே உள்ளது. வெள்ளியை மலிவாகக் கடலுக்குக் கொண்டுசெல்லப் புகையிரதம் வேண்டும். துறைமுகமோ பகைவன் கையில். 1888இல் ஆர்சே சனாதிபதியானார். அதே ஆண்டில் இலண்டனில் அந்தோபகஸ்தா - பொலிவியப் புகையிரதக் கம்பனி தோன்றிற்று. 1889இல் இருப்புப்பாதை ஊயுனியை எட்டியது. 1892இல் ஒருரோவைச் சென்றடைந்தது. இவ்வழியே சிலியப் படைகள் உள்ளே வரும் என எதிர்த்தோர் அஞ்சினர். படைகள் வரவில்லை, வெள்ளி வெளியே சென்றது. கடற்கரையை இழந்து பத்தாண்டுக்குள், இழந்த துறைமுகத்தின் ஊடாகவே நாட்டின் செல்வம் ஏற்றுமதியாகத் தொடங்கிற்று. லாமாக் கூட்டங்களின் சுழல் நகர்வு ஒருவழி நகர்வாக மாறியமைக்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஆனால் இருப்புப்பாதை தாதை மட்டும் காவவில்லை. தொழிலாளரையும் கருத்துகளையும் அது ஓரிடத்திற் கூட்டிற்று. வெள்ளியின் விலை வீழ்ந்து வெள்ளீயம் தலையெடுத்த பின்னர், 1946 நவம்பரில் புலக்காயோவிற் கூடிய சுரங்கத் தொழிலாளர் சம்மேளனம் நிறைவேற்றிய பிரகடனம் தென்னமெரிக்கத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் ஒரு மைல்கல். ஆறாண்டுகளில் நிகழ்ந்த 1952ஆம் ஆண்டுப் புரட்சி பெருஞ்சுரங்கங்களை நாட்டுடைமையாக்கிற்று. 1985இல் வெள்ளீயத்தின் உலக விலை சரிந்தபோது அரசுடைமைச் சுரங்கங்களில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். அதன் பின்னரே ஊயுனியில் உல்லாசப் பயணம் பெருந்தொழிலாக வளர்ந்தது. ஊயுனியின் ஜீப் சாரதிகள் பலர் சுரங்கத்தையும் புகையிரதத்தையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களின் வழிவந்தோர் என்பதை இப்பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ள வேண்டும்.

தாவரங்களுக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. யரேத்தா என்பது பாறைமேற் பசிய மெத்தைபோற் படர்ந்து, ஆண்டுக்கு மில்லிமீற்றர்க் கணக்கில் வளரும் செடி. அதன் பிசின் நன்கு எரியும். மரமற்ற இம்மலைகளில் நூற்றாண்டுக்கணக்கில் வளர்ந்த யரேத்தாக்கள் வெட்டப்பட்டுச் சுரங்க உலைகளுக்கும் இயந்திரங்களுக்கும் விறகாயின. மலைச்சரிவுகளின் வெறுமையை வியக்கும் பயணி, அச்சரிவுகளில் எரிந்து போனவற்றையும் எண்ணுதல் தகும். ஊயுனியிலிருந்து தெற்கே செல்லும் வழியில் சான் கிறிஸ்தோபல் என்னும் ஊர் உண்டு. அதன் பழைய கற்கோயிலை எல்லாப் பயணிகளும் பார்க்கின்றனர். கோயில் பழையதே, அதன் இடம் புதியது. ஊருக்கு அடியில் வெள்ளியும் நாகமும் ஈயமும் இருந்தமையால், அமெரிக்கக் கம்பனியொன்று 1999இல் ஊரையே பெயர்த்தது. கோயில் கல்கல்லாகக் கழற்றப்பட்டு மீண்டுங் கட்டப்பட்டது. மயானமும் இடம்மாறிற்று. 2007இற் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது; பின்னர் யப்பானியக் கம்பனியின் உடைமையாகி, 2023இல் மீண்டுங் கைமாறிற்று. மழை அரிதான இந்நிலத்தில் அச்சுரங்கம் பெருமளவு நிலத்தடி நீரை இறைப்பது குறித்து லிப்பெஸ் விவசாயிகளின் சங்கம் நெடுங்காலமாக வினாவெழுப்பி வந்துள்ளது.

இவ்விவசாயிகளே லித்தியத்தின் கதையிலும் முன்னணியில் நின்றனர். உப்புவெளியின் அடியிலுள்ள உவர்நீரில் லித்தியம் செறிந்துள்ளதை 1970களில் விஞ்ஞானிகள் வெளிப்படுத்தினர். பொலிவியாவின் லித்திய வளம் இரண்டு கோடித் தொன்னுக்கு மேற்பட்டதென இன்று மதிப்பிடப்படுகின்றது. 1990 அளவில் அரசாங்கம் அதனை அமெரிக்கக் கம்பனியொன்றுக்கு அளிக்க முற்பட்டபோது பொத்தோசி மக்கள் கிளர்ந்தனர். சில ஆண்டுகளில் அக்கம்பனி விலகி ஆர்ஜென்டீனா சென்றது. 2008இல் எவோ மொராலெஸ் அரசாங்கம் அரசே அகழும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதே அரசாங்கம் 2018இல் ஜேர்மனியக் கம்பனியொன்றுடன் கூட்டுச் சேர்ந்தபோது, பொத்தோசிக்குக் கிடைக்கும் உரிமைப்பங்கு அற்பமானது என்று நகரம் மீண்டும் கிளர்ந்தது; 2019 நவம்பரில் ஒப்பந்தம் இரத்தாயிற்று. இரசிய, சீனக் கம்பனிகளுடன் 2024இற் செய்த ஒப்பந்தங்களும் சட்டசபையிற் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. வெளியுலகப் பத்திரிகைகள் இவ்வெதிர்ப்பை வளர்ச்சிக்குத் தடையான பிடிவாதம் என்றும் பின்தங்கிய மனப்பாங்கு என்றும் எழுதுவதுண்டு. வெள்ளியும் வெடியுப்பும் வெள்ளீயமும் சென்ற வழியை அறிந்த மக்களுக்கு அது பட்டறிவு.

உப்பின் பழைய தொழிலும் முற்றாக மறையவில்லை. உப்புவெளியின் கீழைக்கரையில் கொல்சானி என்னும் சிற்றூரில் குடும்பங்கள் உப்பைக் கூம்புகளாகக் குவித்து உலர்த்தி, அயடீன் சேர்த்துப் பொதிசெய்து விற்கின்றன. உப்புக்கூம்புகளிடையே நின்று படமெடுக்கும் பயணிக்கு ஒரு பொதியின் விலை பொருட்டன்று. பொதிகட்டும் பெண்ணுக்கு அதன் விலை மிகச் சிறிது. உப்புக்கட்டிகளால் வெளியின் நடுவே எழுப்பிய விடுதியொன்று, கழிவுநீர் உப்பை மாசுபடுத்தியமையால் 2002இல் அகற்றப்பட்டது.

மூன்றாம் நாள் முற்பகலில் வண்டி லிக்கன்காபூர் எரிமலையின் அடிவாரத்தை அடைகிறது. ஏறத்தாழ 5,900 மீற்றர் உயர்ந்த அதன் சிகரத்தில் இன்காக்களின் கட்டடச் சிதைவுகள் உள்ளன. சோலையிலும் மேட்டுநிலத்திலும் வாழ்ந்த இருபாலார்க்கும் அது புனித மலையாயிருந்தது. இன்று எல்லைக்கோடு அதன்மேலேயே செல்கின்றது. எல்லையில் ஜீப் வண்டி பயணிகளை இறக்கிவிட்டு ஊயுனிக்குத் திரும்ப, சிலிய பஸ் வண்டி அவர்களை ஏற்றிக்கொண்டு இரண்டாயிரம் மீற்றருக்கு மேற் கீழிறங்கி அவாரோவா பிறந்த ஊரிற் கொண்டுபோய் விடுகின்றது. அவ்வூருக்குத் தெற்கே அற்றக்காமா உப்புவெளியில் 1980கள் முதல் லித்தியம் பிரித்தெடுக்கப்படுகின்றது. உவர்நீர் வற்றவிடும் பாத்திகள் அங்கே நெடுந்தூரம் பரந்து கிடக்கின்றன. சான் கிறிஸ்தோபலின் நாகமும் வெள்ளியும் ஈயமும் வேறு வழியாற் செல்கின்றன. அவை பழைய இருப்புப்பாதையில் ஏற்றப்பட்டு, அவாரோவா என்றே பெயர்பெற்ற எல்லைப் புகையிரத நிலையத்தைக் கடந்து, 1879 வரை பொலிவியாவுக்குரியதாயிருந்த மெஹியோனெஸ் துறைமுகத்திற் கப்பலேறுகின்றன.